துணி தாங்கிய பாரம்

சுவரில் தொங்கும் பழைய துணி தன் எடையாலேயே நைந்துபோகும். ஐரோப்பிய அரண்மனைகளின் டாபெஸ்ட்ரி திரைச்சீலைகளைப் பெரும்பாலும் பாவு கிடையாக இருக்கும்படிதான் தொங்கவிடுவார்கள். அப்போது பாரம் முழுவதும் வலுக்குறைந்த ஊடை நூலின் மேல் விழுகிறது. கிழிசல் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

முன்கூட்டியே அறிய, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பொறியாளர்களும் துணிப் பாதுகாப்பாளர்களும் சேர்ந்து டிஜிட்டல் கேமராவைப் பயன்படுத்தினார்கள். துணியைத் தொடாமல், இடைவெளி விட்டுப் படமெடுக்கிறார்கள். கணினி முதல் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தால் அங்கே துணி நீண்டிருக்கிறது. நம் இயற்பியல் பாடநூல் இதைத் 'திரிபு' என்கிறது. ஒரு மீட்டர் துணி 5 மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.5 சதவீதம்.

ஆனால் முதல் படத்துக்கு முன் துணி எவ்வளவு தாங்கியது என்பதை இந்த முறையால் சொல்ல முடியாது.

பெண்களின் உழைப்பு வரலாற்றை எழுத உட்காரும்போதெல்லாம் இதே இடத்தில்தான் நான் நிற்கிறேன். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிந்தாதிரிப்பேட்டையை நெசவுக் குடியிருப்பாக அமைத்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிக்கு நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்பெனியின் ஏடுகளில் துணியின் வகையும் அளவும் விலையும் உண்டு. ராட்டை சுற்றிய கை எப்படி இருந்தது என்பது இல்லை. அவர்களுக்கு முதல் படமே எடுக்கப்படவில்லை.

சென்னையின் துணி வேலை பிற்பாடு மேற்கே நகர்ந்தது. ஆவடியில் 1961இல் ராணுவ உடைத் தொழிற்சாலை வந்தது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பின்னாளில் ஏற்றுமதி ஆடை கம்பெனிகள் பெருகின. அங்கே தையல் மெஷின்களின் முன் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதுகிறார்கள். தோள்வலியையோ, சிறுநீரை அடக்கிக்கொண்டு தைத்த நேரத்தையோ யாரும் எழுதுவதில்லை. பத்து வருடம் கழித்து அவள் இடுப்புவலி என்று சொன்னால், "வேலையாலதான்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்பார்கள். ஒப்பிட்டுக் காட்ட அவளிடம் எதுவும் இருக்காது.

அதனால் வேலைக்குச் சேரும் மாதத்திலேயே கண், கை, முதுகு எப்படி இருக்கின்றன என்று அவள் வாயால் கேட்டு எழுத வேண்டும். வருடாவருடம் மறுபடி கேட்க வேண்டும். அந்த நோட்டு கம்பெனி அலமாரியில் இருக்கக் கூடாது, அவள் கையில் இருக்க வேண்டும்.