சப்பாத்தியா, சப்பாத்தா?

பாளையம்பட்டி, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் வேலியோரம் நிற்கும் சப்பாத்திக்கள்ளிக்குப் பெயர்க்காரணம் கேட்டால், மடல் சப்பாத்தி மாதிரி இருப்பதால் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சப்பாத்தி வட்டமானது. இந்த மடலோ அடி ஒடுங்கி மேலே அகன்று, செருப்பின் அடித்தோலை ஒத்திருக்கிறது. ‘சப்பாத்துக்கள்ளி’ என்ற வடிவமும் வழக்கில் உண்டு. சப்பாத்து என்றால் காலணி. போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். ஈழத்தில் இன்றும் அதுதான் பேச்சு. கம்பும் சோளமும் தின்று வளர்ந்த கரிசல்காட்டார் கோதுமை ரொட்டியை வைத்தா வேலிச்செடிக்குப் பெயரிட்டிருப்பார்கள்? சப்பாத்து மறந்து, சப்பாத்தி பழகிய பிறகு ‘து’ ‘தி’யாகியிருக்க வேண்டும் என்பதே என் துணிபு.

செடியும் வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமானது. 1492-க்குப் பிறகே கடல் கடந்தது. அதன் இனத்தில் ஒன்று கனடாவின் பீஸ் நதிப் பக்கம்கூட, மடலிலுள்ள நீரைக் குறைத்துச் சுருங்கி, உறைபனியைத் தாங்கி நிற்கிறது. மடலில் படமெடுத்த பாம்பைப் பார்த்தவர்கள் நாகதாளி என்றார்கள். தெலுங்கில் நாகஜெமுடு, இந்தியில் நாகபணி. தாவரவியலார் வைத்த ஒபன்ஷியா என்ற பெயரோ ஒரு பழைய கிரேக்க ஊரிலிருந்து பிறந்தது.

பூவைப் பார்க்க வேண்டும். மடலின் விளிம்பில் எலுமிச்சை மஞ்சளில் விரியும். உள்ளே அடர்ந்த மகரந்தத் தாள்களை விரலால் தொட்டால், அவை நடுத்தண்டை நோக்கி மெல்ல மடங்கும்; வண்டு புகுந்தாலும் அப்படித்தான். பிறகு கருஞ்சிவப்பாகப் பழம். தரையில் தேய்த்துப் பூமுள்ளைப் போக்கி, உள்ளிருக்கும் நடுமுள்ளையும் எடுத்துவிட்டுத் தின்றால் வாயெல்லாம் சிவக்கும்.

ஒரு காலத்தில் இது தென்னாட்டு நிலங்களை அடைத்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

பெயரின் பின்பாதிதான் பழைய தமிழ். சங்கப் பாடல்களின் கள்ளி, ஒடித்தால் பால் வடியும் சதுரக்கள்ளி போன்ற நம் மண்ணின் கள்ளி. சப்பாத்துக்கள்ளியை ஒடித்தால் பால் வராது, வழவழப்பான நீர்தான் கசியும். முள்ளும் சதைப்பற்றும் கண்டு முன்னோர் அதையும் கள்ளிக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பாலைத் திணைக்குப் படம் வரைவோர் இனியாவது சப்பாத்துக்கள்ளியை விட்டு, சதுரக்கள்ளியை வரையுங்கள்.