கமரா இருந்த ஊரும் இல்லாத ஊரும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இஷாத் தொழுகை முடிந்து உட்துறைமுக வீதிப் பக்கம் கடல் காற்றில் கூடுகிறவர்கள் நாங்கள் நாலு பேர். எல்லோரும் ஆசிரியர்கள், ஒரே கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்த விடுதியில் தொடங்கிய ஒரு பழக்கம் இன்னும் எங்களை விடவில்லை. பழைய பங்க் ரொக் குழுக்களின் மேடை வீடியோக்களைத் தேடித்தேடிப் பார்ப்போம். ஒரு முறை வகுப்பில் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினோம். "சேர், இவங்க ஏன் இப்பிடிக் கத்துறாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல அன்று நேரம் போதவில்லை. இந்தப் பதிவு அதற்குத்தான்.

இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்தை இங்கே திறக்கவில்லை. அதைப் பேசப் படித்த உலமாக்கள் இருக்கிறார்கள். நாங்கள் இந்த வீடியோக்களை வரலாற்று ஆவணமாகப் பார்க்கிறோம். ரசித்தும் பார்க்கிறோம், அதை மறைக்கவில்லை.

1976 ஜூன் 4, மான்செஸ்டர் நகரம். லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் மண்டபத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு வாசிக்கிறது. வந்திருந்தவர்கள் சில டசின் பேர்தான். ஆனால் அந்தச் சிறு கூட்டத்திலிருந்து ஜோய் டிவிஷன் போன்ற குழுக்கள் பின்னால் பிறந்தன. "நானும் அங்கே இருந்தேன்" என்று பிறகு சொன்னவர்களை எண்ணினால் மண்டபம் பத்துத் தடவை நிறைந்திருக்கும் என்று பகிடியாகச் சொல்வார்கள். அன்று ஒருவர் கையில் சுப்பர் 8 கமரா இருந்தது. அதில் பிடிபட்ட சொற்பக் காட்சிகள் இன்றும் இருக்கின்றன.

சுப்பர் 8 என்பது கொடாக் நிறுவனம் 1965இல் கொண்டுவந்த வீட்டுக் கமரா முறை. ஒரு சுருளில் 50 அடி பிலிம். ஓடும் வேகத்தைப் பொறுத்து இரண்டரை முதல் மூன்றரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு சுருளை மாற்ற வேண்டும். அதனால்தான் இந்தப் பழைய காட்சிகள் பாட்டின் நடுவில் தொடங்கி நடுவில் அறுகின்றன. எடுக்கிறவர் ஒவ்வொரு நொடியையும் கணக்குப் பார்த்துத்தான் விசையை அழுத்தியிருப்பார்.

இப்படி எடுத்தவர்களில் முக்கியமானவர் டொன் லெட்ஸ். ஜமெய்க்கப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த கறுப்பின இளைஞர். 1977இல் கொவென்ற் கார்டனில் இருந்த ரொக்சி என்ற கிளப்பில் இசைத்தட்டுப் போடும் வேலை. போடுவதற்குப் பங்க் இசைத்தட்டுகள் அப்போது அதிகம் வெளிவந்திருக்கவில்லை, அதனால் தன்னிடமிருந்த ரெகே தட்டுகளைப் போட்டார். வெள்ளைக்காரப் பங்க் பிள்ளைகள் ஜமெய்க்க இசைக்குப் பழகியதற்கு அது ஒரு பெரிய காரணம். அந்த மேடையை அவரே சுப்பர் 8இல் படம் பிடித்தார். 1978இல் அது 'த பங்க் ரொக் மூவி' என்ற படமாக வந்தது. அவர் எந்தப் படக் கல்லூரிக்கும் போய்விட்டு இதைச் செய்யவில்லை. கையில் கமரா இருந்தது, நின்ற இடத்தில் நின்று எடுத்தார்.

எங்களை அதிகம் பாதித்தது வேறொரு காட்சி. 1978 ஏப்ரல் 30, கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்கா. அந்த நாட்களில் நஷனல் ஃப்ரன்ற் என்ற இனவாதக் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. 1976இல் கிட்டார் கலைஞர் எரிக் கிளப்டன் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேச, அதற்குப் பதிலாக 'இனவாதத்துக்கு எதிரான ரொக்' என்ற இயக்கம் பிறந்தது. அவர்கள் ட்ரஃபல்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக வந்து அந்தப் பூங்காவில் கூடினார்கள். எண்பதாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஸ்டீல் பல்ஸ் என்ற கறுப்பின ரெகே குழு, எக்ஸ்ரே ஸ்பெக்ஸ், த கிளாஷ் எல்லாம் ஒரே மேடையில். எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடகி பொலி ஸ்டைரீனுக்கு அப்போது வயது 20. பல்லில் கம்பி. தந்தை சோமாலியர்.

த கிளாஷ் வாசித்த பகுதி 1980இல் வந்த 'ரூட் போய்' படத்தில் இருக்கிறது. பகல் வெளிச்சம், தலைகளாலான கடல், குதிக்கிற பிள்ளைகள். இதில் ஒரு விசயத்தை ரசிகர்களான நாங்களும் மறைக்கக் கூடாது. பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் போட்டிருந்த சட்டையில் இத்தாலியின் 'செம்படைப் பிரிவு' என்ற ஆயுதக் குழுவின் பெயர் இருந்தது. அந்தக் குழு அப்போது இத்தாலியின் முன்னாள் பிரதமர் அல்டோ மோரோவைக் கடத்தி வைத்திருந்தது. ஒன்பது நாள் கழித்து அவரைக் கொன்றது. லண்டன் மேடையில் அந்தச் சட்டை ஒரு பாணி. சட்டையிலும் சுவரிலும் இருந்த பெயர்கள் துவக்கோடு வீட்டு வாசலுக்கு வந்ததைக் கண்ட ஊர்க்காரர் நாங்கள். அந்த இடத்தில் எங்களுக்குக் கை தட்ட வரவில்லை.

அந்தக் கூட்டம் முடிந்து நாலு நாள். மே 4 மாலை, அதே கிழக்கு லண்டனில், அல்தாப் அலி என்ற பங்களாதேஷ் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு போகும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். இருபதுகளில் இருந்த ஒரு முஸ்லிம் வாலிபர். பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கான வங்காளிகள் ஜனாஸாப் பெட்டியோடு டவுனிங் வீதி வரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு 1998இல் அவர் பெயரே வைக்கப்பட்டது. 1979 பொதுத்தேர்தலில் நஷனல் ஃப்ரன்ற் 303 வேட்பாளர்களை நிறுத்தியும் ஒரு ஆசனமும் எடுக்கவில்லை. அதைப் பாட்டு மட்டும் சாதித்தது என்று சொல்ல மாட்டோம். நாடு வேற்றுக் கலாசாரத்தாரால் மூழ்கிவிடும் என்று மக்கள் பயப்படுவதாக மார்கரெட் தட்சர் 1978 ஜனவரியில் தொலைக்காட்சியில் பேசி, அந்த வாக்குகளில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்ததும் உண்மை.

தட்சரின் அந்தப் பேச்சையே பெயராக எடுத்துக்கொண்டு 1979இல் லண்டனில் ஒரு பங்க் குழு உருவானது. பெயர் 'ஏலியன் கல்ச்சர்', அந்நியக் கலாசாரம். மூன்று பேர் பாகிஸ்தான் வழிக் குடும்பங்களின் பிள்ளைகள், கிட்டார் வாசித்தவர் வெள்ளையர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு அடி, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளையின் கோபம் அது. எங்கள் மாணவிக்கான பதில் இதுதான்: மெதுவாகச் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை, அதனால் கத்தினார்கள்.

அந்தக் கத்தலில் ஒரு துளி எங்கள் மொழிக்காரர் வரைக்கும் வந்தது. த கிளாஷ் 1982இல் குடியேறியவர்களைப் பற்றி 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' என்று ஒரு பாட்டுச் செய்தது. அதன் இசைத் துண்டை எடுத்துத்தான், சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாக லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை அமைத்தார்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். அதே 1970களில் திருகோணமலையிலும் கிட்டார் இருந்தது. எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் சகோதரர்களின் பொப்பிசைக் குழு இந்த ஊரின் பெருமை. 'உனக்குத் தெரியுமா' என்ற பாட்டை எங்கள் வாப்பாமார் இன்றும் முணுமுணுப்பார்கள். அது பங்க் அல்ல, மென்மையான காதல் பாட்டு. ஆனாலும் இந்தியப் படப் பாட்டை மட்டும் பாடாமல் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தமாக இசைத்தட்டுப் போட்ட துணிச்சல் ஒன்றுதான்.

அந்தக் காலத்து மேடையை ஓடும் படமாகப் பார்க்க நாங்கள் எவ்வளவோ தேடினோம், ஒன்றும் கண்ணில் படவில்லை. காரணம் விளங்காமல் இல்லை. 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது, கமராவும் பிலிம் சுருளும் சாதாரண வீட்டுக்கு எட்டாத பொருள். நாட்டில் தொலைக்காட்சியே 1979இல்தான் தொடங்கியது, ரூபவாஹினி 1982இல் வந்தது. மிஞ்சிய இசைத்தட்டையும் புகைப்பட அல்பத்தையும் 83, 90 இடப்பெயர்வுகளும் 2004 டிசம்பர் 26 கடலும் எத்தனையோ வீடுகளிலிருந்து கொண்டுபோயின. லண்டன் பிள்ளைகளைவிட எங்கள் பிள்ளைகள் குறைவாகப் பாடினார்கள் என்பதல்ல, எங்களுடையது பதிவாகவில்லை. பதிவில்லாததை உலகம் நடக்காதது என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்று அந்தச் சாட்டு எங்களுக்கு இல்லை. எல்லோர் சட்டைப் பையிலும் கமரா இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு பிழை விட்டோம். எங்கள் பக்கத்து ஊரில் பொல்லடி பழக்கிய ஒரு அண்ணாவியார் இருந்தார். அவரிடம் போய் அடிகளையும் பாட்டுகளையும் முழுதாகப் பதிய வேண்டும் என்று இரண்டு வருடம் பேசினோம். நோன்பு முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். போன வருடம் அவர் மௌத்தாகிவிட்டார்.

ஜனாஸாவுக்குப் போனபோது அவருடைய பேரன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு கலியாண வீடு. நாற்பது நொடி. கை ஆடுகிறது, பாதி நேரம் யாரோ ஒருவருடைய முதுகுதான் தெரிகிறது, பாட்டு நடுவில் தொடங்கி நடுவில் அறுகிறது. ஆனால் பொல்லுகள் மோதும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. மான்செஸ்டர் மண்டபத்தில் அந்தக் கமராக்காரர் செய்ததை ஒரு பத்து வயதுப் பிள்ளை செய்திருக்கிறான். படித்த நாங்கள் நாலு பேரும் செய்யவில்லை.

உங்கள் வீட்டில் பழைய கெசட், இசைத்தட்டு, மேடைப் புகைப்படம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், எங்களுக்கு உள்பெட்டியில் அறிவியுங்கள். பக்கீர் பைத்தோ, பொல்லடியோ, பழைய பொப்பிசையோ தெரிந்த பெரியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே போங்கள். இன்ஷா அல்லாஹ், வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நாங்களும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போகிறோம். இந்த முறை போனுக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு.