மூடிய சிப்பியின் விலை: முத்துச் சலாபமும் இணைய விளையாட்டுச் சட்டமும்

1889இல் தூத்துக்குடியில் நடந்த முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, நேரில் பார்த்து எழுதியவர் எட்கர் தர்ஸ்டன். அப்போது சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அவருடைய குறிப்புகளையும், பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் தலைமைப் பொறுப்பை வகித்த ஜேம்ஸ் ஹார்னெல் 1922இல் வெளியிட்ட அறிக்கையையும் உயிரியல் ஆவணங்களாகவே பெரும்பாலோர் படிக்கிறார்கள். அவற்றை ஒரு சந்தையின் ஆவணமாகவும் படிக்கலாம். அந்தச் சந்தை விசித்திரமானது. பார்கள் எனப்படும் கடலடிச் சிப்பிப் படுகைகளிலிருந்து குளித்தெடுத்த சிப்பி கரையில் அடைப்புக் கட்டிய கொட்டுக்குள் வந்து குவியும். மாலையில் ஏலம். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். வாங்குகிற செட்டியாரோ மரைக்காயரோ ஒரு சிப்பியைக்கூடத் திறந்து பார்க்க முடியாது. எடுத்துப்போய், வாரக்கணக்கில் அழுகவிட்டு, ஈ மொய்த்துத் தின்றது போக எஞ்சியதை வள்ளத்தில் கடல்நீர் ஊற்றி அலசினால்தான் தெரியும், கையில் வந்தது ஆணிமுத்தா, வெறும் தூளா என்று. கொட்டுக்கு வெளியே இதன் சில்லறை வடிவமும் நடந்தது. குளியாளி தன் பங்குச் சிப்பியைப் பத்தும் இருபதுமாக விற்க, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கி அங்கேயே உடைத்துப் பார்ப்பார்கள்.

உள்ளே இருப்பது தெரியாத ஒன்றைக் காசுக்கு விற்பதுதான் இன்று கைபேசி விளையாட்டுத் தொழிலின் பெரிய வருமான வழிகளில் ஒன்று. உலகம் இதை லூட் பாக்ஸ் என்கிறது. ஜப்பானிய வழக்கில் காச்சா. 2020 முதல் 2025 வரை தமிழ்நாட்டிலும் தில்லியிலும் இணைய விளையாட்டைப் பற்றி நடந்த சட்டச் சண்டை முழுவதும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே ஓடியது. ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா? வென்றால் பணம் கிடைக்குமா? மூடிய பொருளை விற்கிறவனுக்கு என்ன தெரியும், வாங்குகிறவனுக்கு என்ன சொல்லப்பட வேண்டும் என்ற கேள்வி எழவே இல்லை. மன்னார் வளைகுடாவின் சலாப நிர்வாகம் இந்த மூன்றாவது கேள்வியைத்தான், வரி வசூலுக்காகவே என்றாலும், எதிர்கொண்டது. இன்றைய சட்டம் அங்கிருந்து கற்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பம்பாய் அரசுக்கும் சமார்பாக்வாலாவுக்கும் இடையிலான 1957ஆம் ஆண்டு வழக்கு, ரம்மி முதன்மையாகத் திறமை ஆட்டம் என்ற 1968ஆம் ஆண்டின் சத்தியநாராயணா தீர்ப்பு, சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய 1996ஆம் ஆண்டின் லட்சுமணன் தீர்ப்பு. உச்ச நீதிமன்றத்தின் இந்த மூன்றும் சேர்ந்து திறமை ஆட்டத்துக்கு ஒரு கவசம் பூட்டின. இணைய ரம்மியால் கடன்பட்டவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த சூழலில் தமிழ்நாடு கொண்டுவந்த முதல் தடைச் சட்டத்தை, அந்தக் கவசத்தைக் காட்டியே சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று செல்லாது என்றது. நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் இரண்டாவது மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, தடைப் பட்டியலில் இருந்த ரம்மியையும் போக்கரையும் மட்டும் நீக்கியது. அதன் பிறகு மாநிலம் வேறு பாதையில் போனது. ஆட்டத்தைத் தடுக்காமல் அதன் நேரத்தையும் அடையாளத்தையும் கட்டுப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கதவடைப்பு, ஆதார் சரிபார்ப்பு, 18 வயதுக்குக் கீழே அனுமதியில்லை. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இவ்விதிகளை உறுதி செய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் திறமை, அதிர்ஷ்டம் என்று பாராமல் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

எழுபது ஆண்டுக் கவசத்தை மத்தியச் சட்டம் உடைத்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. இணையத்தில் திறமை என்ற சொல் ஏற்கெனவே ஓட்டையாகிவிட்டது. ஆனால் அச்சட்டம் போட்ட புதிய எல்லைக்கோடு வேறொரு ஓட்டையை விட்டிருக்கிறது. பணமோ, பணமாக மாற்றக்கூடிய ஒன்றோ வெல்லலாம் என்ற எதிர்பார்ப்போடு பணம் கட்டினால் அது பண விளையாட்டு. அந்த எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் அது சமூக விளையாட்டு; இ-ஸ்போர்ட்ஸ் தனி வகை. இரண்டுக்கும் அரசு ஊக்கமளிக்கும். நிஜக் காசு கொடுத்து வாங்கிய மூடிய பெட்டியிலிருந்து துப்பாக்கிக்குப் பூசும் ஒரு வண்ணம் வந்தால், அது பணமில்லை என்று நிறுவனம் சொல்லும். சட்டத்தின் வாசகம் அதற்கு இடங்கொடுக்கிறது.

கடற்கரை ஊர்களின் பையன்களுக்கு இது புதிதில்லை. ஃப்ரீ ஃபயர் என்ற கைபேசி விளையாட்டில் முதலில் டைமண்ட் டாப்-அப் செய்ய வேண்டும். ரூபாய் அங்கேயே டைமண்டாகிவிடும். அதன் பிறகு எது எவ்வளவு என்ற கணக்கு மங்கும். பின்பு லக் ராயல். ஒரு சுற்றுக்கு இத்தனை டைமண்ட், பத்துச் சுற்றாக வாங்கினால் சற்றுக் குறைவு. சக்கரம் சுழன்று, கேட்ட உடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கிடைத்தது வேறெதோ டோக்கன். 2020 செப்டம்பரில் பப்ஜியையும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடை செய்தது உண்மை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி, தரவுகள் நாட்டைவிட்டுப் போகின்றன என்ற காரணத்துக்காக. பெட்டியை அந்தத் தடை பார்க்கவே இல்லை. பப்ஜி 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது, 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம், 7,000 ரூபாய் வரையே செலவிடலாம் என்று நிறுவனமே வரம்பு வைத்துக்கொண்டது. ஒரு சிறுவன் ஒரு நாளில் 7,000 ரூபாய்! இந்த எண்ணைப் பொறுப்புணர்வின் அடையாளமாக அப்போது பலர் மெச்சினார்கள் என்பதுதான் வேடிக்கை.

பெட்டியை எப்படி வகைப்படுத்துவது என்பதில் நெதர்லாந்தின் அனுபவம் பார்க்கத் தக்கது. (டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைப் பிடித்து, முத்துச் சலாபத்தையும் சங்குச் சலாபத்தையும் தங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏற்றியவர்கள், மூடிய சிப்பி அவர்களுக்குப் பழகிய சரக்கு.) ஃபிஃபா கால்பந்து விளையாட்டில் வீரர்களின் அட்டைகள் அடங்கிய மூடிய பொட்டலங்களை விற்றதற்காக, அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதி அமைப்பு அதை ரத்து செய்தது. பொட்டலம் தனி ஆட்டமல்ல, கால்பந்து என்ற பெரிய திறமை ஆட்டத்தின் ஓர் உறுப்பு என்பது காரணம். நம் நீதிமன்றங்கள் ரம்மிக்குப் பூட்டிய அதே கவசம், வேறு கண்டத்தில், பெட்டிக்குப் பூட்டப்பட்டது. திறமை ஆட்டத்துக்குள் வைத்துவிட்டால் எந்த அதிர்ஷ்டத்தையும் விற்கலாம் என்றாகிறது.

சலாப நிர்வாகம் இந்த வகைப்பாட்டுச் சிக்கலுக்குள் போகவில்லை. முத்துக்குளிப்பு திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்டால் இரண்டும்தான். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி பாரில் இறங்கும் பரதவரின் திறமையைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சிப்பிக்குள் இருப்பது அவர் கையில் இல்லை; சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லிப் பங்கு வாங்கிய கடல்கட்டியின் கையிலும் இல்லை. நிர்வாகம் கவனித்தது விற்பனையின் முறையை. முதலில் மாதிரி. பார்களைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பியின் முத்துக்கு இன்ன ரூபாய் மதிப்பு என்று ஏலத்துக்கு முன்பே விளம்பரம் செய்தார்கள். இரண்டாவது நேரம். இந்தக் கடலின் சலாபங்களில் காலையில் வெடிச்சத்தம் கேட்டுக் குளிப்புத் தொடங்கும். நண்பகல் வெடி கேட்டால் கல்லை மேலே இழுக்க வேண்டியதுதான். மூன்றாவது பங்கு. படகின் சிப்பியைக் குளியாளிகளே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அவற்றில் எந்த இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி பிறகு சொல்வார். பிரிப்பவனுக்குத் தன் குவியல் எதுவென்று தெரியாததால் குவியல்கள் தாமே சமமாகும்.

இதை அறத்தின் பொற்காலமாக வரைய நான் வரவில்லை. மூன்றில் இரண்டைக் கரையில் நின்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூச்சைப் பணயம் வைத்தவர்களுக்கு ஒன்று. மாதிரி மதிப்பை வெளியிட்டது வாங்குபவர் மீது வைத்த கருணையால் அல்ல, வியாபாரிகளைத் தூரத்திலிருந்து வரவழைக்க. ஆனால் விதியின் நோக்கம் வேறு, அதன் விளைவு வேறு. வாங்குபவனுக்குச் சராசரி தெரிந்திருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. விற்பவனுக்கும் சிப்பியின் உள்ளே இருப்பது தெரியாது. கலெக்டரும் செட்டியாரும் அந்தக் குவியலுக்கு முன்னால் ஒரே அறியாமையோடு நின்றார்கள். இந்தச் சமநிலை எவ்வளவு மெல்லியது என்பதை இதே தூத்துக்குடி பின்னர் காட்டியது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் இங்கே சிப்பிக்குள் கருமணி வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். மனிதக் கை உள்ளே வைத்ததை மனிதனே மூடி விற்றால், ஏலத்தின் இரு பக்கமும் ஒன்றல்ல. விளையாட்டு நிறுவனத்தின் பெட்டி இந்த இரண்டாவது வகை. அதன் உள்ளடக்கம் கடலின் விருப்பமல்ல, சேவையகத்தில் யாரோ தட்டச்சு செய்த எண். அந்த எண்ணை இரவோடிரவாக மாற்றவும் முடியும். தென்கொரியாவில் நெக்சான் நிறுவனம் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் விற்ற கியூப் என்ற பொருளின் வாய்ப்பு விகிதங்களை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமலே குறைத்தது. விரும்பப்பட்ட சில சேர்க்கைகள் வரவே வராதபடியும் செய்தது. 2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் விதித்த அபராதம் சுமார் 1,160 கோடி வோன். அதே ஆண்டு மார்ச் முதல் விகிதத்தை வெளியிடுவது அங்கே சட்டக் கடமை. சீனாவில் இது 2017 மே மாதமே வந்துவிட்டது. பெல்ஜியம் 2018இல் பெட்டியையே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. சிப்பி வாங்கியவன் கையில் கடைசியில் விற்கக்கூடிய முத்து இருந்தது. தூளைக்கூட முத்துப் பஸ்பத்துக்கு வாங்க ஆளுண்டு. லூட் பாக்ஸில் கிடைக்கும் உடுப்பை யாரும் விற்க முடியாது. ஆகவே இழக்கவும் வெல்லவும் அங்கே எதுவுமில்லை, வெறும் பொழுதுபோக்குச் செலவு. நடைமுறை இதை ஒப்புவதில்லை. அரிய உடுப்புகள் சேர்ந்த ஐடியை முழுக் கணக்காகவே ரொக்கத்துக்குக் கைமாற்றுகிறார்கள். விதிமுறைப்படி அது தவறு. ஆனாலும் விலை இருக்கிறது. விற்கவே முடியாது என்று வைத்துக்கொண்டாலும் வாதம் நிற்காது. திரும்பக் காசாகாத ஒன்றை விகிதம் சொல்லாமல் சிறுவனிடம் விற்பது, திரும்பக் காசாகும் ஒன்றை விற்பதைவிட எந்த வகையில் மேலானது?

இன்னொரு வேறுபாடு, கடலுக்குச் சோர்வு உண்டு. இலங்கைப் பக்கம் 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அந்த உற்சாகத்தில் மறு ஆண்டே பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு, இருபது ஆண்டுகளுக்கு லண்டன் நிறுவனம் ஒன்று குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு குளிக்கச் சிப்பியே இல்லை, நிறுவனம் கலைந்தது. தூத்துக்குடியிலும் 1926–28க்குப் பின் 1955 வரை காத்திருந்தார்கள். 1961உடன் அதுவும் முடிந்தது. சிப்பி ஓய்ந்தால் சூதும் ஓயும். சேவையகத்தில் பெட்டி தீர்வதே இல்லை. வெளியிலிருந்து வைக்காத வரை அதற்கு வரம்பு இல்லை.

அந்த வரம்பை வைக்க அதிகாரம் யாருக்கு? மத்தியத் தடைச் சட்டத்தை எதிர்க்கும் வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. அதன் முடிவு எதுவானாலும் பெட்டி அந்த வழக்குகளின் பொருளல்ல. தமிழ்நாட்டு ஆணையத்தின் நிலைமைதான் விநோதம். பண விளையாட்டுக்காக அது எழுதிய நேர விதிக்கும் வயது விதிக்கும் இப்போது சட்டப்படியான ஆட்டமே இல்லை. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன என்பதை மட்டும் நம்பினால், பெட்டி சூதா என்ற பழைய சேற்றுக்குள் மறுபடி இறங்க நேரும். 2025 ஜூன் தீர்ப்பு அதைவிட அகலமான ஒரு பாதை காட்டியிருக்கிறது. மக்களின் உடல்நலம், மனநலம் பற்றிய மாநிலத்தின் அக்கறையை நீதிமன்றம் அங்கே ஏற்றுக்கொண்டது. அந்த அக்கறைக்கு, வென்றவன் கையில் ரூபாய் வருகிறதா உடுப்பு வருகிறதா என்பது பொருட்டல்ல. 2022ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் சூதாட்டத் தடையோடு நிற்கவில்லை. இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்துவதையும் தன் பெயரிலேயே கொண்டது. எனவே பெட்டி விற்பனைக்கென்று ஆணையம் புதிய விதி எழுதலாம். 18 வயதுக்குட்பட்டோருக்கு மூடிய பெட்டி விற்கக்கூடாது. நள்ளிரவுக் கதவடைப்பு டாப்-அப் பொத்தானுக்கும் பொருந்த வேண்டும். விகிதத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு ஆணையத்தில் பதிவாக வேண்டும்.

இவற்றைவிட நான் அழுத்துவது விகிதம் சொல்லும் முறையை. 0.5 விழுக்காடு என்று உதவிப் பக்கத்தின் அடியில் எழுதிவிட்டு நிறுவனம் நழுவக்கூடாது. இந்த உடுப்பு கைக்கு வரச் சராசரியாக இத்தனை ரூபாய் ஆகும் என்று, டைமண்டில் அல்ல ரூபாயில், சுற்றும் பொத்தானுக்கு மேலேயே தமிழில் தெரிய வேண்டும். இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. அந்தக் கணக்கு நிறுவனத்தின் மேசையில் ஏற்கெனவே இருக்கிறது.