"உங்களைப் பத்திச் சொல்லுங்க!" - இன்டர்வியூ டேபிளுக்கு அந்தப் பக்கம் என்ன ஓடுது?

ரெஸ்யூம் ரெடி, அயர்ன் பண்ணின சட்டை ரெடி, சர்டிஃபிகேட் ஃபைலும் ரெடி. ஆனாலும், இன்டர்வியூ ரூம் கதவைத் திறக்கும்போது உள்ளங்கை வியர்க்கத்தானே செய்கிறது? டேபிளுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் டென்ஷன் உண்டு. தப்பான ஆளை எடுத்துட்டா சம்பளம், டிரெய்னிங், டீமோட நேரம் எல்லாமே வீண். மறுபடியும் முதல்ல இருந்து ஆள் தேடணும். அவர் என்ன தேடுகிறார் என்று தெரிந்தால், நம்ம பயம் பாதியாகக் குறையும்.

ஐன்ஸ்டீன் பதில் சொல்லாத கேள்வி

1921-ல் தாமஸ் எடிசன், தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்குச் சுமார் 150 பொது அறிவுக் கேள்விகள் கொண்ட பரீட்சை வைத்தார். கேள்விகள் பத்திரிகைகளில் கசிந்து பெரிய பேச்சானது. அந்த வருடம் அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டீனிடம், அதிலிருந்து 'ஒலியின் வேகம் என்ன?' என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருக்கும் விஷயத்தைத் தலையில் சுமப்பதில்லை என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார் அவர். மனப்பாடத்தை வைத்து ஆளை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்?

புதிர் போட்ட கூகுள்

'ஒரு விமானத்துக்குள்ள எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும்?' என்பது போன்ற புதிர்களுக்குப் பேர்போனது கூகுள் இன்டர்வியூ. ஆனால், அது சுத்த டைம் வேஸ்ட் என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார், அப்போது அங்கே மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக். புதிரை விடுவித்தவர் வேலையையும் நன்றாகச் செய்வார் என்பதற்கு அவர்களிடம் இருந்த தகவல்கள் எந்த ஆதாரமும் தரவில்லை.

அப்போ எதுதான் வேலைக்கு ஆகும்?

1998-ல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள், 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எத்தனை வருட அனுபவம் என்பதை மட்டும் வைத்துத் திறமையைக் கணிப்பது கஷ்டம் என்றும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மார்க் போடும் இன்டர்வியூ நன்றாகவே கணிக்கிறது என்றும் தெரிந்தது. 2022-ல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டபோது, இந்த வகை இன்டர்வியூதான் முதலிடத்துக்கு வந்தது.

காரணம் சிம்பிள். சும்மா பேசிப் பார்த்து எடுத்தால் 'நம்ம ஊர்', 'நம்ம காலேஜ்', 'நல்லா இங்கிலீஷ் பேசுறாப்ல' என்று மனசு சாய்ந்துவிடும். கேள்வி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், பதிலை மட்டும் ஒப்பிடலாம்.

வேலை தேடுறீங்களா?

* 'நான் கடின உழைப்பாளி' என்பதை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் ஒரு சம்பவம் சொல்லுங்கள்: என்ன பிரச்னை, உங்க பொறுப்பு என்ன, என்ன செஞ்சீங்க, கடைசியில் என்ன ஆச்சு. காலேஜ் ப்ராஜெக்ட், பார்ட் டைம் வேலை எதுவானாலும் ஓகே.
* 'நாங்க பண்ணினோம்' என்று மட்டும் சொல்லாமல், அதில் உங்க பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.
* தெரியாததைத் 'தெரியாது' என்றே சொல்லலாம். கூடவே, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.
* கடைசியில் 'ஏதாவது கேக்கணுமா?' என்பார்கள். 'முதல் மூணு மாசத்துல என்கிட்ட என்ன எதிர்பார்ப்பீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். வேலையின் நிஜ முகம் தெரியும்.
* 'ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, ஆஃபர் லெட்டர் வரும்' என்றால் அது இன்டர்வியூ இல்லை. பணம் பறிக்கும் வேலை. நம்பரை பிளாக் பண்ணிடுங்க.

ஆள் எடுக்குறீங்களா?

சின்னக் கடையோ, ஸ்டார்ட்அப்போ, விளம்பரம் கொடுக்கும் முன் அந்த வேலைக்கு நிஜமாகவே தேவையான நாலு திறமைகளை எழுதி வையுங்கள். எல்லோரிடமும் அதைப் பற்றியே கேளுங்கள். இரண்டு பேர் இன்டர்வியூ எடுத்தால், பேசிக்கொள்ளும் முன் தனித்தனியாக மார்க் போடுங்கள். அரை மணி நேரம் நிஜ வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பில்லிங் வேலைக்கு வந்தவரை பில் போடச் சொல்லலாம். அமேசானில், ஆள் தேவைப்படும் டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரும் இன்டர்வியூவில் உட்காருவார். 'சீக்கிரம் யாராவது வந்தா போதும்' என்ற அவசரம் அவருக்கு இருக்காது என்பதே காரணம்.

இதெல்லாம் புதுசும் இல்லை. 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என்று, ஆளை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதற்கும், தகுந்த வேலையை அவரிடம் ஒப்படைப்பதற்கும் இரண்டு அதிகாரங்களையே ஒதுக்கியிருக்கிறார் வள்ளுவர்.

'செலக்ட் ஆகலை' என்று மெயில் வந்தால் உடைஞ்சு போயிடாதீங்க. ஒரு இன்டர்வியூ உங்களைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்று அன்றைக்கே மொபைலில் குறித்துவையுங்கள். அடுத்த இன்டர்வியூவுக்கு அதுதான் உங்க நோட்ஸ். ஆல் தி பெஸ்ட்!