பெயர் ஹிக்ஸுக்கு, பங்கு மெட்ராஸில் பிறந்த கிப்பிளுக்கும்

தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்தில் மின்படி ஏறுபவர்கள் இடப்பக்கம் நிற்பார்கள், அவசரக்காரர்களுக்கு வலப்பக்கம். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் நிற்பது வலப்பக்கம். மின்படிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு பக்கம் பழக்கமாகிவிட்டால் பின்னால் வருபவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள்.

இயற்கையிலும் இப்படி நடப்பதுண்டு. 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான இரும்பில், அணுக்கள் எனும் சிறு காந்தங்கள் தாறுமாறாக இருக்கும். ஆறும்போது அருகருகே உள்ளவை ஒரே திசைக்குத் திரும்பிக்கொள்ளும். விதிக்கு எல்லாத் திசையும் சமம். விளைவோ ஒரு திசையில். இதுவே 'தானாக நிகழும் சமச்சீர் முறிவு'.

இந்தக் கருத்தை 1960ஆம் ஆண்டுவாக்கில் துகள் இயற்பியலுக்குக் கொண்டுவந்தவர் யோய்ச்சிரோ நம்பு. ஆனால் சமச்சீர் முறிந்தால் நிறையற்ற துகள் தோன்ற வேண்டும் என்றது 1961ல் கோல்ட்ஸ்டோன் முன்வைத்த கணக்கு. அப்படியொரு துகளை ஆய்வுக்கூடங்கள் கண்டதில்லை.

முடிச்சு 1964ல் அவிழ்ந்தது. அந்தத் துகள் தனித்து நிற்காமல், விசையைச் சுமக்கும் துகளோடு கலந்து அதற்கு நிறை தருகிறது என்று மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின: பிரசல்ஸில் பிரௌட், ஆங்லேர், எடின்பரோவில் ஹிக்ஸ், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் குரால்னிக், ஹேகன், டாம் கிப்பிள்.

கிப்பிள் 1932ல் மெட்ராஸில் பிறந்தவர். தந்தை மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகன் அந்நகரின் டவுட்டன் கோரி பள்ளியில் படித்து, பின்னர் எடின்பரோ சென்றார்.

1967ல் கிப்பிள் இன்னோர் அடி முன்னே வைத்தார். சில துகள்கள் நிறை பெறும்போதே ஒளித்துகள் மட்டும் நிறையின்றி இருக்க முடியும் என்று விளக்கினார். வைன்பெர்க்கும் அப்துஸ் சலாமும் இந்த வழியில் மின்காந்த விசையையும் மென்விசையையும் இணைத்தார்கள். 1979ல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம், எதிர்பார்த்த துகளைக் கண்டதாக 2012 ஜூலை 4ஆம் தேதி அறிவித்தது. 2013ல் நோபெல் பரிசு ஹிக்ஸுக்கும் ஆங்லேருக்கும் கிடைத்தது. பிரௌட் 2011லேயே காலமாகிவிட்டார். ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்பது நோபெல் விதி. அந்த ஆண்டு பெற்றவர்களோ இருவர்தான். மூன்றாம் இடம் காலியாகவே இருந்தது. 2014ல் 'சர்' பட்டம் பெற்ற கிப்பிள், 2016ல் தமது 83வது வயதில் மறைந்தார்.

அறுவர் உழைப்பில் விளைந்த கருத்துக்கு ஒருவர் பெயரே நிலைத்துவிட்டது. ஹிக்ஸ் துகளைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மற்ற ஐவர் பெயரையும் மாணவர்களுக்குச் சொல்லித் தரலாம். அவர்களில் ஒருவர் படித்தது நம் மெட்ராஸில் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.