சிப்பாய் என்ன ஆகலாம்?

செஸ் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். சிப்பாய் ஊர்ந்து ஊர்ந்து எதிராளியின் கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? ‘ராணி ஆகும்’ என்பார்கள். கொஞ்சம் விவரமானவர், ‘ராணியோ, யானையோ, குதிரையோ, மந்திரியோ, நம்ம இஷ்டம்’ என்பார்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டில் இதைக் கேட்டிருந்தால், ‘எந்த வழியாப் போச்சு?’ என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

காரணம் உண்டு. அன்றைய நாட்டு ஆட்டத்தில் ஊருக்கு ஊர் விதி மாறும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவிக் கொள்ளலாம் என்பதுகூட ஒரு விதி. ஆனால் சிப்பாய் விஷயத்தில் பல ஊர்களிலும் ஒரே சட்டம்தான். எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்கிறதோ, அந்தக் காயாக மட்டுமே ஆகலாம். ஓர வரிசை என்றால் யானை. அதற்கடுத்தது என்றால் குதிரை. நடு வரிசையில் போய்ச் சேரும் பாக்கியம் இருந்தால்தான் பெரிய பதவி.

அதோடு விட்டார்களா? பல இடங்களில் இன்னொரு நிபந்தனை. அந்த வகைக் காய் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்க வேண்டும். இரண்டு குதிரையும் உயிரோடு இருக்கிறதா? அப்படியானால் ஒரு கட்டம் முன்னாலேயே காத்துக்கொண்டு நில் தம்பி! அதாவது, வேகன்ஸி இருந்தால்தான் புரமோஷன்.

சதுரங்கம் என்றால் நான்கு அங்கங்கள்: காலாள், குதிரை, யானை, தேர். சுமார் 6ம் நூற்றாண்டில் வட இந்தியாவில் பிறந்த ஆட்டம் என்கிறார்கள். 7ம் நூற்றாண்டில் பாணபட்டரின் ஹர்ஷசரிதத்தில் அதைப் பற்றிய குறிப்பு வருகிறது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு தொழில், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நடை. இன்று நாம் ராணி வைக்கிற இடத்தில் அன்று நின்றவர் மந்திரி. பாவம், குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். ஆட்டம் பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போனபோது, கரை சேர்ந்த சிப்பாய்க்குக் கிடைத்தது இந்த நோஞ்சான் மந்திரி பதவி மட்டும்தான். யாருக்கும் பொறாமை வரவில்லை.

ஐரோப்பாவில் மந்திரி ராணியானார். சுமார் 1475ல் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் எழுதப்பட்ட ஒரு கவிதையில், ராணிக்கு இன்றைய அசுர பலம் வந்துவிட்டது தெரிகிறது. அங்கேதான் சிக்கல் ஆரம்பம். கரை சேர்ந்த சிப்பாய்க்கும் அதே பலம் என்றால், ஒரு ராஜாவுக்கு எத்தனை ராணி? 18ம் நூற்றாண்டின் பிரெஞ்சு மேதை பிலிடோர்கூட, வெட்டுப்பட்ட காயாக மட்டுமே மாறலாம் என்கிற வேகன்ஸி கட்சிதான். எதுவாகவும் ஆகலாம், எத்தனை ராணி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தீர்மானமாக 19ம் நூற்றாண்டு வந்துவிட்டது.

நாட்டு விதியில் பழகிய ஒரு மனிதரே கிட்டத்தட்ட சிப்பாய் மாதிரி வாழ்ந்திருக்கிறார். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். சர் உமர் ஹயாத் கான் என்கிற ஜமீன்தாரின் ஆதரவில் 1929ல் லண்டன் போனார். புது விதிகளைக் கற்று அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933லும் அவரேதான். நடுவில், உலக சாம்பியனாக இருந்த கபாப்ளாங்காவையே ஒரு ஆட்டத்தில் வீழ்த்தினார். பிறகு எஜமானரோடு ஊர் திரும்பியவரை உலகம் மறந்துபோனது. 1966ல் இறந்தார். சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்கு கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024ல். 58 வருஷக் காத்திருப்பு!

நம் பக்கம் சர்வதேச விதிகளைப் பரப்பியதில் மானுவேல் ஆரோனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1961ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். 1972ல் சென்னையில் அவர் தொடங்கிய டால் செஸ் கிளப்பில் ஆடிப் பழகிய பையன்தான் விஸ்வநாதன் ஆனந்த்.

யார் என்ன ஆகலாம் என்கிற இந்தத் தலைவலி நம் கால விளையாட்டுகளிலும் தீரவில்லை. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று ஒன்றை வெளியிட்டார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டும் மேஜை விளையாட்டு. முதலில் மூன்றே தொழில்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. மனிதனாகப் பிறந்தால் மூன்றில் எதுவும் எடுக்கலாம். குள்ளர் இனத்தில் பிறந்தால்? போர்வீரன் மட்டும்தான். அதிலும் ஆறாம் படிக்கு மேல் ஏற முடியாது. எத்தனை அரக்கர்களைக் கொன்றாலும் சரி!

1978 பதிப்பில், மனிதரல்லாத இனத்தார் ஒரே சமயத்தில் இரண்டு தொழில் பார்க்கலாம் என்றார்கள். உச்சவரம்பு மட்டும் போகவில்லை. 1981ல் வந்த எளிய பதிப்பில் ‘குள்ளர்’ என்பதே ஒரு தொழிலாகிவிட்டது. பிறப்பே வேலை! 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் பூட்டு உடைந்தது. யாரும் எந்தத் தொழிலும் எடுக்கலாம், ஒவ்வொரு படியிலும் மாற்றிக்கொள்ளலாம். உடனே நம்மாட்கள் மாதிரி கணக்குப் போட்டு, நாலு தொழிலில் நுனிப்புல் மேய்ந்தவர்களும் கிளம்பினார்கள். அதனால் 2014 பதிப்பில் ஒரு தடுப்பு: விட்டு வருகிற தொழில், புகுகிற தொழில் இரண்டுக்குமே குறைந்தபட்சத் திறமை வேண்டும். அப்போதும் பிறப்பைக் கேட்கவில்லை, திறமையைத்தான் கேட்டார்கள்.

விளையாட்டு கிடக்கட்டும், நிஜத்தில்? 1953ல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு வெடித்தது. 1954ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. சிப்பாய் எந்த வரிசையில் நிற்கிறதோ அந்தக் காயாகத்தான் ஆகணும் என்கிற விதியை, நிஜ வாழ்க்கையில் தமிழ்நாடு அன்றே கிழித்துப் போட்டது.

முழுசாகவா? ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரகடம் சாலையில் நின்று பாருங்கள். வரிசையாக வரும் கம்பெனி பஸ்களில் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று ஐ.டி.ஐ. முத்திரையோடு வந்த பிள்ளைகள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை கார் இன்ஜின் பூட்டுகிறது. பிறந்த வரிசையை விட்டு வெளியே வந்தாயிற்று, சந்தோஷம். ஆனால் உள்ளே புது வரிசைகள்: அப்ரென்டிஸ், டிரெயினி, கான்ட்ராக்ட், பெர்மனென்ட். 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014ல் மூடப்பட்டபோது, செல்போன் பூட்ட மட்டுமே பழகியிருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், இளம்பெண்கள் இருபது சொச்ச வயதில் வேறு தொழில் தேட வேண்டியிருந்தது.

‘மல்டி ஸ்கில்லிங்’ என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. நல்ல வார்த்தை. ஒரே ஆள் மூன்று மெஷின் பார்ப்பது மட்டும்தான் அதற்கு அர்த்தமா, இல்லை மூன்று தொழில் கற்றவனுக்கு மேல்படியும் கிடைக்குமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேலையை மட்டும் கூட்டிவிட்டுப் பதவிக்கு வேகன்ஸி இல்லை என்றால், அது பழைய நாட்டு ஆட்டம்தான்.

சிப்பாய் பாட்டுக்கு நடந்துகொண்டேதான் இருக்கிறது. பின்னால் திரும்ப அதற்கு எந்த விதியிலும் இடம் கிடையாது. முன்னால் இருக்கிற கட்டத்தையாவது திறந்து வைப்போமே!