பொம்மை மாட்டுக்குள்ள இருக்கிற பேட்டரியின் கதை

இது கொஞ்சம் நீளமான இழை. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

1.
எரியோடு பக்கத்துலேருந்து ஒரு அப்பத்தா, ரெண்டு வயசுப் பேரனை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்தாங்க. "நேத்து சாயங்காலத்துலேருந்து எச்சியா ஒழுகுது சார். சோறு எடுக்க மாட்டேங்குறான்." காய்ச்சல் இல்லை. சளியும் இல்லை. "எதையாவது முழுங்கினானா?"ன்னு கேட்டேன். "நான் கூடவேதான் சார் இருந்தேன்"னாங்க.

எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சுக்கு மேல்பகுதியில் வட்டமாக ஒன்று. காசு மாதிரிதான் தெரிந்தது. ஆனால் விளிம்பில் இரட்டை வளையம். காசுக்கு அப்படி வராது. அது பட்டன் பேட்டரி.

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2.
பேட்டரி எங்கிருந்து வந்தது? திருவிழாக் கடையில் வாங்கின விலங்குப் பொம்மை. படத்தை அமுக்கினால் மாடு கத்தும், சிங்கம் உறுமும், "கவ்", "லயன்" என்று பெயரும் சொல்லும். பிள்ளைக்கு அறிவு வளரட்டும் என்று அப்பத்தா ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அவர் மேல் தப்பே இல்லை.

இந்தப் பொம்மை நம்ம கைக்கு எப்படி வந்தது, அதுக்குள்ள ஆபத்து எப்ப நுழைந்தது என்று பார்ப்போம்.

3.
விலங்குப் பொம்மை நமக்குப் புதுசு இல்லை. சுமார் 4,500 வருஷத்துக்கு முந்தைய சிந்துவெளி நகரங்களில் சுடுமண் காளைகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் தலை தனியாகச் செய்யப்பட்டிருக்கும். கயிறு கோத்து ஆட்டினால் காளை தலையாட்டும். கூடவே குட்டிக் குட்டி மண் வண்டிகளும் சக்கரங்களும்.

நம்ம பக்கம் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டி விளையாடும் மூன்று கால் சிறுதேர் வருகிறது.

இவை எல்லாவற்றுக்கும் சக்தி ஒன்றுதான். பிள்ளையின் கை.

4.
அடுத்து சாவி வந்தது. உள்ளே சுருள்வில்லை முறுக்கி விட்டால் பொம்மை தானாக நடக்கும். "சாவி கொடுத்த பொம்மை மாதிரி" என்று இன்றைக்கும் பேசுகிறோம் இல்லையா, அது அந்தக் காலத்து மிச்சம்.

பொம்மையைப் பேச வைக்க முதலில் பெரிதாக முயன்றவர் எடிசன். 1890ல் வயிற்றுக்குள் சின்ன ஃபோனோகிராஃப் வைத்த பொம்மையை விற்பனைக்குக் கொண்டு வந்தார். கைப்பிடியைச் சுற்றினால் குழந்தைப் பாட்டு சொல்லும். குரல் கரகரவென்று இருந்தது, சீக்கிரம் உடைந்தும் போனது. சில வாரத்திலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

5.
பேட்டரி பொம்மைகள் பெருகியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. 1950களில் ஜப்பான் தகரப் பொம்மைகளை உலகம் முழுக்க அனுப்பியது. ஜால்ரா தட்டும் குரங்கு ஞாபகம் இருக்கா? அந்த வம்சம்தான்.

அதில் போட்டது டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய கட்டை பேட்டரி. "ரெண்டு கட்டை லைட்டு" என்று தாத்தாக்கள் சொல்வார்களே, அதே கட்டை. ஒழுகினால் பொம்மை வீணாகும், கை அரிக்கும். ஆனால் அதை எந்தக் குழந்தையாலும் முழுங்க முடியாது. இதை மனசுல வைங்க.

6.
விலங்குச் சத்தம் கற்றுத்தரும் பொம்மையில் பெரிய பெயர், மேட்டல் நிறுவனம் 1965ல் கொண்டு வந்த 'தி ஃபார்மர் சேஸ்'. முள்ளை மாடு படத்துக்குத் திருப்பி, கயிற்றை இழுத்துவிட்டால் மாடு கத்தும். அதற்குப் பேட்டரியே கிடையாது!

1978ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' கொண்டு வந்தது. ஒரு சிலிக்கான் சிப் பேசியது. அதன்பிறகு சிப் மலிவானது, சின்னதானது. சிப் சின்னதானபோது பேட்டரியும் கூடவே சின்னதாகி, சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்து நின்றது.

ஆபத்து நுழைந்த இடம் இதுதான். பொம்மை புத்திசாலி ஆனது, பேட்டரி வாய்க்குள் போகும் அளவுக்கு ஆனது.

7.
நல்ல பக்கத்தையும் சொல்லணும். 1999ல் சோனி 'ஐபோ' என்ற ரோபோ நாய்க்குட்டியை விற்பனைக்கு விட்டபோது, ஜப்பானுக்கான 3,000 நாய்களும் 20 நிமிஷத்தில் தீர்ந்தன. 2014ல் பழுது பார்ப்பதை நிறுத்தியதும், உயிர் போன ஐபோக்களுக்கு அங்கே ஒரு பௌத்தக் கோயிலில் இறுதிச் சடங்கே செய்தார்கள்.

அதே ஜப்பானில் உருவான 'பாரோ' என்ற ரோபோ கடல்நாய்க்குட்டி, மறதி நோய் உள்ள முதியவர்களின் பதற்றத்தைக் குறைக்கப் பயன்படுகிறது. 2009ல் அமெரிக்க அரசு அதை மருத்துவக் கருவியாகவே வகைப்படுத்தியது. சூப்பான் மாதிரி ஒன்றை வாயில் வைத்துத்தான் அதற்குச் சார்ஜ் ஏற்றுவார்கள்.

ஆக, பேட்டரி விலங்கு என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

8.
ஆனால் "அறிவு வளரும்" என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 2016ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள், அவர்களின் பெற்றோர், மொத்தம் 26 ஜோடிகள். சின்ன ஆய்வுதான். பேசும் பண்ணை போன்ற மின் பொம்மைகள், சாதாரணக் கட்டைப் பொம்மைகள், புத்தகங்கள் மூன்றையும் கொடுத்து வீட்டிலேயே பேச்சைப் பதிவு செய்தார்கள்.

மின் பொம்மை பேசும்போது பெற்றோர் பேச்சு குறைந்தது. குழந்தை எழுப்பும் சத்தமும் குறைந்தது. புத்தகம் வைத்து விளையாடியபோதுதான் பேச்சு அதிகம்.

யோசிச்சுப் பாருங்க. பொம்மை மாடு "மூ" என்கிறது. நம்ம ஊர் மாடு "ம்மா" என்கிறது. வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குத் தோளில் தூக்கிட்டுப் போய் ஆட்டையும் சேவலையும் காட்டினால் அதுவே பாடம். அய்யலூர், கடவூர் காடுகளில் வாழும் தேவாங்குக்காக 2022ல் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயத்தையே தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பொம்மையில் பாண்டா இருந்தது, தேவாங்கு இல்லை. அதை வீட்டுப் பெரியவங்கதான் சொல்லணும்.

9.
சரி, பட்டன் பேட்டரி உள்ளே போனால் என்ன ஆகும்?

"பேட்டரி உடைந்து ஆசிட் ஒழுகும்" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம். உணவுக்குழாயின் ஈரமான சுவரில் பேட்டரி சிக்கியதும் அந்த ஈரம் வழியாக மின்சாரம் ஓடும். எதிர்முனைப் பக்கம் கடுமையான காரம் உருவாகும், அடைத்த குழாயைச் சுத்தம் செய்ய ஊற்றும் காஸ்டிக் சோடா மாதிரி. 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஆகிவிடும். குழாய் ஓட்டையாகலாம், பக்கத்து ரத்தக்குழாய் அரித்து உயிரே போகலாம்.

மோசமானது 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட் லிதியம் வில்லை. சின்னப் பிள்ளை உணவுக்குழாயில் சரியாகச் சிக்கும் அளவு. பொம்மைக்குத் "தீர்ந்து போன" பேட்டரியிலும் குழந்தையைப் புண்ணாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

10.
சட்டங்கள் விபத்துக்குப் பின்னால்தான் வருகின்றன. அமெரிக்காவில் ரிமோட்டிலிருந்து விழுந்த பேட்டரியை விழுங்கி 2020ல் ஒரு குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் பெயராலேயே 2022ல் 'ரீஸ் சட்டம்' வந்தது. பொம்மைகளுக்கு அங்கே ஏற்கெனவே விதி இருந்தது. ரிமோட், விளக்கு போன்ற வீட்டுப் பொருட்களிலும் பட்டன் பேட்டரி அறையைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்யணும் என்றது இந்தச் சட்டம்.

இங்கே 2019ல் இந்தியத் தரக் கவுன்சில் டெல்லி வட்டாரக் கடைகளில் 121 வகைப் பொம்மைகளைச் சோதித்தது. சுமார் 67% தேறவில்லை. 2020ல் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின் பொம்மைக்கான தர எண் ஐ.எஸ். 15644.

முத்திரை இல்லாத மின் பொம்மையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீங்க.

11.
குழந்தை விழுங்கிவிட்டது, அல்லது விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம். என்ன செய்யணும்?

- உடனே 108. எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பி வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்க. "காலையில பாத்துக்கலாம்" வேண்டவே வேண்டாம்.
- வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாழைப்பழம், சோற்று உருண்டை கொடுத்து "தள்ளி விடுற" வேலை கூடாது.
- ஒரு வயசு தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிஷத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் 6 முறை. இது புண்ணை மெதுவாக்கும், அவ்வளவுதான். தேனுக்காக ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க. ஒரு வயசுக்குள் தேன் கூடாது.
- மூக்கு, காதுக்குள் போட்டிருந்தாலும் அவசரம்தான். சொட்டு மருந்து விடாதீங்க.
- பொம்மையையும், இருந்தால் இன்னொரு பேட்டரியையும் கையோடு எடுத்து வாங்க.

12.
பொம்மையைப் பராமரிக்க:

- பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கணும். வாரம் ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. ஸ்க்ரூ தொலைஞ்சா அந்தப் பொம்மையைப் பேட்டரி எடுத்துட்டுத்தான் கொடுக்கணும். செலோடேப் பூட்டு ஆகாது.
- பழசும் புதுசும் கலந்து போடாதீங்க. விளையாடாத நாளில் கழற்றி வைங்க. ஒழுகியிருந்தால் வெறுங்கையால் தொடாதீங்க.
- தண்ணியில் முக்காமல் ஈரத்துணியால் துடைங்க. சத்தம் அதிகமென்றால் ஸ்பீக்கர் மேல் டேப் ஒட்டுங்க.
- கழற்றின பட்டன் பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் சுற்றி, உயரத்தில் வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்க. ஜன்னல் ஓரத்தில் வைக்காதீங்க.

13.
அந்தப் பையன் பிழைத்துவிட்டான். பேட்டரியை எடுத்தபோது ராத்திரி முழுக்க அது உள்ளே இருந்திருந்தது. வாரக்கணக்கில் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். உணவுக்குழாய் சுருங்கியதால் இன்னும் அவ்வப்போது விரிவாக்கும் சிகிச்சைக்கு வருகிறான். இப்போது குழைந்த சோறு இறங்குகிறது.

தடுப்பூசிக்கு வந்த நாட்களில் அவன் வீட்டாரிடம் சத்து, சளி எல்லாம் பேசியிருக்கிறேன். பேட்டரி பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கடனுக்குத்தான் இந்த இழை.

14.
அப்பத்தா அந்தப் பொம்மையை எடுத்து வந்து காட்டினார். மூடியில் ஸ்க்ரூ போட ஓட்டை இருந்தது. ஸ்க்ரூ மட்டும் இல்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு வாங்கின மாவட்டம் நம்மது. பெட்டிக்கும் பீரோவுக்கும் பார்த்துப் பார்த்துப் பூட்டுப் போடுகிறோம். இன்னைக்கு ராத்திரி ஒரு ஸ்க்ரூ டிரைவரோட வீட்டுப் பொம்மைகள், ரிமோட், எடைக் கருவி எல்லாத்தையும் ஒரு சுற்று பாத்துடுங்க. பத்து நிமிஷ வேலை.

பார்த்துட்டு, எத்தனை மூடி ஆடுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.